பயோடேட்டாவிலிருந்து கசிந்த படம்: செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இது 2025-ன் முதல் பாதியில், காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் பூர்வீக வீடுள்ள நகரத்தார் குடும்பத்தில் நடந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையை மாற்றவில்லை. காரைக்குடியில் கணினி வகுப்பு எடுப்பவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த அளவில்தான் இதில் என் பங்கு.

பின்னணி

பெண்ணுக்கு 27 வயது. பெங்களூரில் மென்பொருள் வேலை. பெற்றோர் சென்னையில். ஊர் வீட்டில் அப்பத்தா மட்டும் இருக்கிறார். துணைக்குச் சமையல் பார்க்கும் ஓர் அம்மா. வாடகை, வயல் கணக்கு, மின் கட்டணம் எல்லாம் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் இளைஞர் ஒருவர்.

இந்தப் பெண் அந்தரங்க விஷயத்தில் அசட்டையாக இருந்தவர் இல்லை. இன்ஸ்டாகிராம் கணக்கைப் பூட்டியே வைத்திருந்தார். முகநூலில் கணக்கே கிடையாது. வாட்ஸ்அப்பில் அவர் படம், அவர் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கும் எண்களுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டிருந்தார். இதைவிட ஒருவர் தன் பக்கத்தில் என்ன செய்துவிட முடியும்?

ஜனவரி தொடக்கத்தில் பிள்ளையார் நோன்புக்கு எல்லாரும் ஊரில் கூடினார்கள். நோன்புச் சடங்கான இழை எடுத்தல் முடிந்த மறுநாள் காலை, முகப்புத் தூணருகில் பட்டுப்புடவையில் பெண்ணை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார்கள். வரன் பார்க்கத் தொடங்கும் நேரம். தை பிறந்ததும் அந்தப் படத்தோடு பயோடேட்டா தயாரானது.

ஒரே பக்கம்தான். மேலே பிள்ளையார் சுழி, சுற்றிலும் மஞ்சள் கரை, வலப்பக்கம் படம். குலக்கோயில், அதன் உட்பிரிவு, ஊர், வீட்டு முன்னெழுத்துகள். பிறந்த தேதி, நேரம், இடம். ராசிக்கட்டம், நவாம்சம். படிப்பு, நிறுவனத்தின் பெயர், சம்பளம். அப்பச்சி (அப்பா), ஐயா (தாத்தா) பெயர்கள். ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டு ஊரும் விலாசமும். கடைசியில் அப்பச்சியின் எண், ஆத்தாவின் (அம்மாவின்) எண், ஊர் வீட்டு எண்.

இதில் எதையும் வேண்டாத்தனமாகச் சேர்க்கவில்லை. நகரத்தாரில் கோயில் பார்க்காமல் சம்பந்தம் பேச முடியாது. ஊரும் முன்னெழுத்தும் தெரியாமல் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கவும் முடியாது. ஆத்தா அதைத் தன் கூடப்பிறந்த ஆச்சிக்கு (அக்காவுக்கு) அனுப்பினார். அந்த ஆச்சி இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார். குழு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான பேர். அங்கிருந்து எங்கே போனது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

முதல் அறிகுறிகள்

மாசியில் அப்பச்சிக்குப் புது எண்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. பாதி திருமணத் தகவல் மையங்கள், மீதி யாரென்றே தெரியாதவர்கள். "வரன் விஷயம்னா நாலு பேரு கூப்பிடத்தான் செய்வாங்க" என்று விட்டுவிட்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் சித்தப்பா மகள் பெண்ணிடம் கேட்டாள்: "ஏன் ஆச்சி புது அக்கவுண்ட் ஆரம்பிச்சீங்க?" பெண் எதையும் ஆரம்பிக்கவில்லை. அவர் பெயரில், அவர் படத்தோடு இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு இருந்தது. "பழைய கணக்கு ஹேக் ஆகிவிட்டது, இதில் வாங்க" என்ற செய்தியோடு உறவுக்காரப் பிள்ளைகள் பலருக்கும் அழைப்பு போயிருந்தது. பலர் ஏற்றும் இருந்தார்கள். இரண்டு பேரிடம் அவசரமாகப் பணம் கேட்கப்பட்டிருந்தது, இருவருமே அனுப்பவில்லை.

பார்த்த பிள்ளைகள் பதறிப்போய், கூட்டமாக அந்தக் கணக்கின் மேல் புகார் பொத்தானை அழுத்தினார்கள். சில மணி நேரத்தில் கணக்கின் பயனர்பெயர் மாறிவிட்டது. முகவரியை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. மறுபடி தேடிப் பிடிக்க ஒரு நாள் வீணானது.

பணம் போன பகல்

மூன்றாம் நாள் மதியம் ஊர் வீட்டுக்கு அழைப்பு வந்தது. ஆண் குரல், தமிழ்தான். "அப்பத்தா, நான் உங்க பேத்தி ஆபீஸ்ல வேலை பாக்குறேன். பதட்டப்படாதீங்க. வண்டியில இருந்து விழுந்துட்டா, ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். அப்பச்சிக்குச் சொல்ல வேணாம்னு அவதான் சொன்னா." பேத்தியை அவன் குறிப்பிட்டது வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் செல்லப்பெயரால். நிறுவனத்தின் பெயரும் சரியாக இருந்தது. முன்பணம் கட்ட 45,000 ரூபாய் கேட்டான்.

அப்பத்தாவிடம் யுபிஐ கிடையாது. கணக்குப் பார்க்கும் இளைஞரைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னார். அவர் தன் கணக்கில் இருந்த 18,000-ஐ முதலில் அனுப்பினார். மீதிக்கு அவசரப்படுத்தும் அழைப்பு உடனே வந்தது. அப்போதுதான் அவருக்கு ஏதோ நெருடியிருக்கிறது. "ஆச்சி, ஒரு நிமிஷம் இருங்க. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்று சென்னைக்குப் போன் போட்டார். அப்பச்சி பெங்களூருக்குப் போட்டார். பெண் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்பத்தாவைப் பிறகு பார்த்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "நம்ம வீட்டு ஆளுகளைத் தவிர அந்தப் பேரு யாருக்குத் தெரியும்?"

எங்கிருந்து கசிந்தது

அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது. பெண்ணின் கைப்பேசியையும் கணக்குகளையும் பார்த்தோம். அந்நிய சாதனம் எதுவும் இணைக்கப்படவில்லை, உள்நுழைவு வரலாற்றிலும் சந்தேகத்துக்கு இடமில்லை.

போலிக் கணக்கின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று தென்பட்டது. இடது ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு, தலைமுடி அளவுதான். பயோடேட்டாவைச் சுற்றி இருந்த அதே கரை. யாரோ அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வெட்டும்போது கரையில் ஒரு இழை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பெண் அந்தப் படத்தைத் தன் கணக்கில் எங்குமே போட்டதில்லை என்பதும் இதோடு பொருந்தியது. பெயர், நிறுவனம், ஊர் வீட்டு எண் எல்லாம் அந்த ஒரு பக்கத்திலேயே இருந்தன.

செல்லப்பெயர் பயோடேட்டாவில் இல்லை. அது அப்பச்சியின் முகநூலில் இருந்தது. அவர் கணக்கு எல்லாருக்கும் திறந்தது. ஒவ்வோர் ஆண்டும் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பதிவு போடுவார். கீழே உறவினர்கள் செல்லப்பெயர் சொல்லி வாழ்த்துவார்கள். ஒரு பின்னூட்டத்தில் அத்தை ஒருவர், "அப்பத்தாகிட்ட ஆசீர்வாதம் வாங்கிக்க" என்றும் எழுதியிருந்தார். அழைத்தவன் 'அப்பத்தா' என்று வாய்நிறையக் கூப்பிட எங்கே கற்றான் என்பது புரிந்தது. நண்பர் பட்டியலும் திறந்தே இருந்தது. யார் சித்தப்பா மகள், யார் மாமா மகன் என்று பிடிக்க அது போதும்.

மூன்றாவது ஒன்று இந்த மோசடிக்கு நேரடியாகப் பயன்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். பெரியப்பா மகன் ஊர் வீட்டை ரீல் எடுத்துப் போட்டிருந்தார். நல்ல ரீல். ஆத்தங்குடிக் கல், பர்மா தேக்குத் தூண், வளவு (உள்முற்றம்) என்று ரசித்து எடுத்திருந்தார். கூடவே பெட்டகம் இருக்கும் அறை, அப்பத்தா படுக்கும் இடம், இரண்டாங்கட்டு தாண்டி அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசல், அதன் தாழ்ப்பாள் வரை எல்லாம் அதில் வந்துவிட்டன. இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிபவை. முன்வாசலில் ஆள் இருந்தாலும் பின்வாசலில் நடப்பது தெரியாது. வயதானவர் தனியாக இருக்கும் வீட்டின் வரைபடத்தை நாமே வரைந்து கொடுத்ததற்குச் சமம் அது.

ஆக, பெண்ணின் சொந்தக் கணக்கிலிருந்து எதுவும் போகவில்லை. அவரைப் பற்றி மற்றவர்கள், அதுவும் அவர் மேல் பிரியம் உள்ளவர்கள், போட்டவைதான் போயிருக்கின்றன. ஊர் வீடுகளில் ஒரு தூணை விற்பதென்றாலும் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பெண்ணின் பிறந்த தேதியையும் படத்தையும் வெளியே அனுப்ப யாரும் யாரையும் கேட்பதில்லை.

பிறந்த தேதி அவ்வளவு பெரிய விஷயமா என்று அப்பச்சி கேட்டார். மின்-ஆதார் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். பல வங்கிக் கணக்கு அறிக்கைகளும் பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்த கடவுச்சொல்லில்தான் வருகின்றன. அவர் தன்னுடையதைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு பணம் பற்றியது. இளைஞர் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைத்தார். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், நேரம், தொகை, வங்கி ஆகியவற்றைக் கேட்டார்கள். அவை கையில் இருந்ததால் புகார் சீக்கிரம் பதிவானது. போன பணம் கணக்கு மாறி மாறிப் போய் ரொக்கமாவதற்கு முன் நிறுத்திவைக்கவே இந்த அவசரம். நேரம் போகப்போக வாய்ப்பு குறைந்துகொண்டே வரும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்துவிட்டு, மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தில் எழுத்துப் புகாரும் கொடுத்தார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி) பிரிவுகள் இதற்குப் பொருந்தும். இரண்டிலும் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு.

இரண்டாவது, போலிக் கணக்கு. இம்முறை ஆதாரத்தை எடுத்துவைத்த பிறகே புகார். கணக்கின் முழு இணைப்பு, பயனர்பெயர், வந்த செய்திகள், தேதி தெரியும் திரைப்பிடிப்பு எல்லாம் ஒரு கோப்புறையில் போயின. பெண்ணே, தன் அடையாள அட்டையைக் காட்டி, ஆள்மாறாட்டம் என்ற பிரிவில் புகார் கொடுத்தார். கூடவே இன்ஸ்டாகிராம் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுதினார். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, சம்பந்தப்பட்டவரே ஆள்மாறாட்டம் என்று புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே அப்போது நடப்பில் இருந்த கெடு. அந்த விதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு எழுதினோம்.

உறவினர் சிலர், "எல்லாக் கணக்கையும் அழிச்சிடு தாயி, நமக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார்கள். அதை ஏற்கவில்லை. உண்மையான கணக்கு இருந்தால்தான் போலி எது என்று ஒப்பிட்டுச் சொல்ல முடியும். கணக்கை வைத்துக்கொண்டு, குடும்பக் குழுவில் பெண் தன் குரலிலேயே ஒரு சின்னக் குரல்பதிவு போட்டார்: என் கணக்கு இது ஒன்றுதான், நான் யாரிடமும் செய்தியில் பணம் கேட்க மாட்டேன்.

அதிக நேரம் பேசியது பயோடேட்டா பற்றித்தான். அதை நிறுத்துவது நடக்காத காரியம். பெண், படத்தையும் தேதியையும் எடுத்துவிடலாம் என்றார். அப்பச்சி ஒப்பவில்லை: "போட்டோ இல்லாம அனுப்புனா என்னமோ குறை இருக்குன்னு நினைப்பாங்கத்தா." "அப்பச்சி, அவங்க நினைக்கிறதுக்காக என் படம் எவன் போன்லயோ இருக்கணுமா?" ஆத்தாதான் நடுவில் வந்து ஒரு வழி சொன்னார். அந்தக் காலத்தில் முதலில் ஜாதகம் மட்டும் போகும். பொருந்திய பிறகுதான் மற்றதெல்லாம். அதையே திரும்பக் கொண்டுவரலாம்.

அப்படி இரண்டு கட்டமாகப் பிரித்தோம். குழுவில் போவது முதல் கட்டம்: கோயில், பிரிவு, வயது, நட்சத்திரம், ராசி, படிப்பு, எந்தத் துறை வேலை, எந்த நகரம். தொடர்புக்கு ஒரே எண், அதுவும் இதற்கென்று வாங்கிய தனி சிம். நட்சத்திரப் பொருத்தம் சரி என்று சொல்லும் வீட்டுக்கு மட்டும், விசாரித்துவிட்டு, ராசிக்கட்டமும் படமும் தனிச்செய்தியில் போகும். படத்தின் மேல் எந்த வீட்டுக்கு அனுப்பியது என்ற எழுத்து குறுக்கே வரும். 'ஒருமுறை மட்டும் பார்க்க' வசதியை யோசித்தோம்; பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து பார்க்க வேண்டியதை அப்படி அனுப்பினால் சரிவராது. தவிர, இன்னொரு கைப்பேசியால் திரையைப் படம் எடுப்பதை அதனால் தடுக்க முடியாது.

தேதியை மறைத்துவிட்டு ராசிக்கட்டத்தை மட்டும் குழுவில் போடலாமே என்று ஒருவர் கேட்டார். சனியும் குருவும் நிற்கும் இடம் தெரிந்தால் பிறந்த ஆண்டைப் பிடிக்கலாம். சூரியனும் சந்திரனும் தெரிந்தால் மாதமும், ஏறக்குறைய நாளும் வந்துவிடும். ஜோசியம் தெரிந்தவருக்கு ராசிக்கட்டமே பிறந்த தேதிதான். அதனால் அதுவும் இரண்டாம் கட்டத்துக்குப் போனது.

முகநூலில் அப்பச்சியின் பழைய பதிவுகளை ஒரே அமைப்பில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றினோம். சுயவிவரத்தைப் பூட்டி, நண்பர் பட்டியலைத் தனக்கு மட்டும் என்று வைத்தோம். யாராவது அவரை இணைத்துப் படம் போட்டால், அவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அவர் பக்கத்தில் வரும்படியும் செய்தோம். பிறந்தநாள் பதிவுகளை மட்டும் அவரே ஒவ்வொன்றாக நீக்கினார். அதில் அவருக்கு வருத்தம்தான்.

அப்பத்தாவின் கைப்பேசியில் தெரியாத எண்களை மௌனமாக்கும் வசதியைப் போடச் சொன்னார்கள். போடவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகள் எந்தெந்த எண்ணிலிருந்தோ கூப்பிடுவார்கள். அந்த அழைப்புகளுக்காகத்தான் அவர் கைப்பேசியே வைத்திருக்கிறார். அதற்குப் பதில் ஒரே ஒரு நடைமுறை: பணம் என்ற சொல் வந்தால், யாராக இருந்தாலும் போனை வைத்துவிட்டு, மகனைத் தானே கூப்பிடுவது. மகனின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியாயிற்று.

ரீல் எடுத்த பெரியப்பா மகன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊர்ல எல்லா வீட்டையும்தான் எடுக்குறாங்க, சினிமாவே எடுக்குறாங்க" என்றார். ஆள் இல்லாத வீட்டையும் அப்பத்தா தூங்கும் வீட்டையும் ஒன்றாக வைக்க முடியாது என்று பெண் சொன்ன பிறகு, பழையதை எடுத்துவிட்டு முகப்பும் வளவும் மட்டும் வரும்படி வெட்டி மறுபடி போட்டார்.

பின்விளைவு

போலிக் கணக்கு மறுநாள் மாலைக்குள் நீங்கியது. பத்து நாள் கழித்து அதே படத்தோடு, பெயரில் ஒரு அடிக்கோடு கூட்டி, இன்னொன்று முளைத்தது. கோப்புறை தயாராக இருந்ததால் அதை நீக்க அதிகச் சிரமமில்லை.

18,000-ல் 11,000 வங்கியில் நிறுத்திவைக்கப்பட்டது. அதை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது. ஆடி மாதம்தான் இளைஞரின் கணக்குக்குத் திரும்பியது. மீதியைக் குடும்பம் அவருக்குக் கொடுத்துவிட்டது. பணம் போன கணக்கு வேறு மாநிலத்துக் கூலித்தொழிலாளி ஒருவரின் பெயரில் இருந்தது. ஆள் பிடிபடவில்லை. போலிக் கணக்கு வைத்தவனும் போன் செய்தவனும் ஒருவன்தானா என்பதும் உறுதியாகவில்லை.

அப்பத்தா சில வாரம் போனையே தொடவில்லை. சமையல்கார அம்மா எடுத்துப் பேசிவிட்டுக் கொடுப்பார். இப்போது பரவாயில்லை.

இரண்டு கட்ட பயோடேட்டாவால் வரும் அழைப்புகள் குறைந்தன என்பது உண்மை. படம் இல்லை என்று இரண்டு வீட்டார் தொடரவில்லை. ஆத்தாவுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை, பெண்ணுக்கு இல்லை.

மாற வேண்டியவை

வாட்ஸ்அப் குழுவை நடத்துபவரிடம் பேசினோம். படம், பிறந்த தேதி, வீட்டு விலாசம் உள்ளவற்றைக் குழுவில் ஏற்காமல், சுருக்கக் குறிப்பு மட்டும் போடும் வழக்கம் வந்தால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் போராட வேண்டியதில்லை. அவர் நல்ல யோசனை என்றார். ஒரு குழுவில் தொடங்கியிருக்கிறது, இன்னொன்றில் பேச்சோடு நிற்கிறது.

சட்டத்தால் இதை முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து நடப்புக்கு வருகின்றன. ஆனால் ஒருவர் தன் சொந்த, குடும்பக் காரியத்துக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. திருமணத் தகவல் மையத்தைக் கேள்வி கேட்கலாம். பெரியம்மா குழுவில் போட்டதைப் பெரியம்மாவிடம்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

உறவுக்காரப் பிள்ளைகளுக்குச் சொன்னது இரண்டு. புதுக் கணக்கிலிருந்து யார் அழைத்தாலும், முகம் தெரிந்தவராகவே இருந்தாலும், ஏற்கும் முன் அவர்களைப் பழைய எண்ணில் கூப்பிட்டுக் கேட்பது. போலியைக் கண்டால் முதலில் இணைப்பை நகலெடுத்துச் சம்பந்தப்பட்டவருக்கு அனுப்புவது, புகார் அதற்கு அப்புறம்.

பழைய பயோடேட்டா இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போன மாதம் கூட ஈரோட்டிலிருந்து ஒரு தகவல் மையம் அப்பச்சியைப் பழைய எண்ணில் அழைத்து, படத்தோடு தங்கள் தளத்தில் ஏற்றியிருப்பதாகச் சொன்னது. நீக்கச் சொல்லி எழுத்தில் அனுப்பி, பதிலை வாங்கி, அதையும் அதே கோப்புறையில் போட்டிருக்கிறார்கள்.